மனசு சரியில்லை என்றால் மாத்திரைதானா?

(ஒடுகத்தூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நம் டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு மாதந்தோறும் பில்கள் வருகின்றன. சர்க்கரை, பிரஷர், டயாலிசிஸ், கண் ஆபரேஷன் என்று அவற்றில் பெரும்பாலானவை நாம் பழகியவைதான். சில ஆண்டுகளாக இன்னொரு வகை பில்லும் கூடி வருகிறது. எஸ்சிட்டலோப்ரம், செர்ட்ராலின், அமிட்ரிப்டிலின், குளோனாசிபம் என்று அவற்றில் எழுதியிருக்கும். கொண்டு வருபவர்கள் "நரம்பு மாத்திரை" என்பார்கள், அல்லது "தூக்கத்துக்கு" என்பார்கள். இந்த மாத்திரைகளுக்கு ஜமாஅத் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கமிட்டியில் ஒரு சகோதரர் கேட்டார். "மனசு கஷ்டத்துக்கு மருந்து என்ன? தொழுகையும் துஆவும் போதாதா?" என்பது அவர் வாதம். உடனே இன்னொருவர், "நாம் நிறுத்தி, அந்தப் பிள்ளை ஏதாவது செய்துகொண்டால் நாளை அல்லாஹ்விடம் யார் பதில் சொல்வது?" என்றார். இரண்டு பேருடைய கவலையும் உண்மையானது. அதனால்தான் இதை ஊரார் முன் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஸகாத் பணம் பற்றிய சட்டத்தை ஹஜ்ரத் சொல்வார்கள். நான் மருத்துவனும் இல்லை. பில் பார்க்கிறவன், பில் கொண்டு வருபவர்களோடு இரண்டு வார்த்தை பேசுகிறவன். அந்த அளவில் பேசுகிறேன்.

மூன்று குடும்பங்களைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், தேட வேண்டாம்.

ஒரு பாஜியின் கணவர் மவுத்தானார். இத்தாவில் இருந்த மூன்றாவது வாரம் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, திடீர் திடீரென்று அழுகை. மகன் ஒரு கிளினிக்கில் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். மருத்துவர் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. அன்று இரவே தூக்கம் வந்தது. ஒன்றரை வருடம் ஆயிற்று, இன்றும் அதே மாத்திரை. இது எதற்கு என்று கேட்டால், "நிறுத்தினால் தூக்கம் வராது" என்கிறார். முதலில் எதற்காகத் தொடங்கியது என்பது பேச்சில் வரவே இல்லை.

இரண்டாவது, ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தம்பி. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்ட பிறகு நம் பக்கத்து ஆர்டர்கள் எப்படிக் குறைந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் வேலை, வீட்டில் மகளிர் குழுக் கடன், வெளியில் வட்டிக் கடன். நெஞ்சு எரிகிறது, வயிறு சரியில்லை என்று மருத்துவரிடம் போனார். வயிற்று மாத்திரையோடு மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்து எழுதப்பட்டது. கடன் எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த மாத்திரை எதற்கென்றும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது ஒரு இளம்பெண், முதல் பிரசவம். குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்கவில்லை. குளிக்கவில்லை, பேசவில்லை. "நான் இருந்து என்ன பயன்" என்று ஒரு நாள் தாயிடம் சொன்னாள். அவளை ஆமிலிடம் கூட்டிப் போனார்கள். தாவீஸ் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், ஜின் என்றார்கள். இதில் மூன்று மாதம் போயிற்று. அதற்குள் அவளை நாம் ஏறக்குறைய இழந்துவிட்டோம். பிறகு மருத்துவமனையில் சேர்த்து, முறையாக மாத்திரை கொடுத்து, அல்ஹம்துலில்லாஹ், இன்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள்.

முதல் இரண்டு வீடுகளில் மாத்திரை அவசரப்பட்டு வந்தது. மூன்றாவது வீட்டில் வராமல் தாமதித்தது. மூன்றும் நடந்தது இதே சுற்றுவட்டாரத்தில்தான். "மாத்திரை நல்லதா கெட்டதா" என்று பொதுவில் கேட்டால் இந்த மூன்றுக்கும் ஒரே பதில் கிடைக்காது.

இந்த மருந்துகள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 1950களில் காசநோய்க்காக ஒரு மருந்து கொடுத்தார்கள், இப்ரோனியசிட் என்று பெயர். நுரையீரல் நோயாளிகள் சிலர் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருப்பதைக் கவனித்தார்கள். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து ஆழ்ந்த சோர்வில் கிடந்தவர்களை எழுப்பியதைக் கண்டு 1957-ல் எழுதினார். அவர் பார்த்தது மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களை. கடன் தொல்லையோடு வந்தவர்களை அல்ல. 1987 கடைசியில் அமெரிக்காவில் ஃப்ளுவாக்சடினுக்கு அனுமதி கிடைத்தது. பழைய மருந்துகளைவிட ஆபத்து குறைவு, ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதன் பிறகுதான் பொது மருத்துவரும் தயக்கமில்லாமல் எழுதும் மருந்தாக இது மாறியது.

மருந்து வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் 21 மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாமே வெறும் மாவு மாத்திரையைவிட மேலாக இருந்தன. ஆனால் யாருக்கு என்பதுதான் கேள்வி. 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு ஒன்று நோயின் கடுமையைப் பிரித்துப் பார்த்தது. லேசான சோர்விலும் நடுத்தரச் சோர்விலும் உண்மை மாத்திரைக்கும் மாவு மாத்திரைக்கும் இருந்த வேறுபாடு மிகக் குறைவு. மிகக் கடுமையான சோர்வில் வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. அந்த இளம்பெண்ணுக்கு மாத்திரை கைகொடுத்ததற்கும், அந்தத் தம்பிக்கு மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகாததற்கும் விளக்கம் இங்கே இருக்கிறது.

"மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, அதை நிரப்புகிறோம்" என்று சொல்லித்தான் பல இடங்களில் கொடுக்கிறார்கள். 2022-ல் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அந்தக் கருத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதற்காக மருந்து பயனற்றது என்று ஆகிவிடாது. ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போல என்று சொல்லி ஒருவரை ஆயுள் முழுவதும் மாத்திரையோடு கட்டிப்போடுவதற்கு அந்த வாதம் போதாது.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பில்களில் அதிகம் குழப்பம் இதில்தான். மனச்சோர்வு மாத்திரை வேறு, தூக்க மாத்திரை வேறு. எஸ்சிட்டலோப்ரம், செர்ட்ராலின் போன்றவை அன்றே எதுவும் செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சில சமயம் கூடுதலாகவும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, படபடப்பு வரலாம். பலர் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று அப்போதே விட்டுவிடுகிறார்கள். அல்ப்ரசோலம், குளோனாசிபம் போன்றவை வேறு ரகம். அன்று இரவே தூங்க வைக்கும், பதற்றத்தை அடக்கும். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்தாலே உடல் அதற்குப் பழகிவிடும், பிறகு நிறுத்துவது கடினம். அல்ப்ரசோலம் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத, கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்து.

நம் நாட்டில் எஸ்சிட்டலோப்ரமும் குளோனாசிபமும் ஒரே மாத்திரையில் சேர்த்தே விற்கப்படுகின்றன. நோயாளிக்கு அது ஒரு மாத்திரைதான். அந்த பாஜிக்கு அன்றிரவே தூக்கம் வந்ததே, அது குளோனாசிபம். "நிறுத்தினால் தூக்கம் வராது" என்கிறாரே, அதுவும் அதனால்தான். அவருடைய துக்கம் போன பிறகும் மாத்திரை போகவில்லை. டீன்சிட் என்று ஒரு கூட்டு மாத்திரை இருந்தது, பலர் அறிந்திருப்பீர்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த நாடான டென்மார்க்கிலேயே விற்க அனுமதி இல்லாத மருந்து இங்கே விற்கப்படுகிறதே என்று பாராளுமன்ற நிலைக்குழு 2012-ல் கேட்டது. 2013-ல் மத்திய அரசு தடை போட்டது, பிறகு விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. "மனசு லேசாகும்" என்று எழுதித்தரப்படும் எல்லாமே ஒரே தரத்தவை அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, துக்கத்துக்கும் நோய்க்கும் எப்படி வித்தியாசம் காண்பது? இதை நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். அபூ ஸைத் அல்பல்கீ என்பவர் இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் ஏறத்தாழ 850-ல் பிறந்து 934-ல் இறந்த அறிஞர். உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்கும் சேர்த்து ஒரே நூல் எழுதினார். அதில் துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். இழப்பு போன்ற, காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணமே தெரியாமல் மனிதனை முடக்கிப் போடும் துக்கம் இன்னொன்று. முதலாவதற்குப் பேச்சு, நல்ல எண்ணங்கள், துணை ஆகியவற்றைச் சொல்கிறார். இரண்டாவது உடலிலிருந்து வருவது, அதற்கு உடலுக்கான சிகிச்சை வேண்டும் என்கிறார். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து இது. நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் இவர் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு கல்லூரிக் காலத்தில்தான் கேள்விப்பட்டேன். நம் மதரஸாக்களில் ஒரு பாடமாகவாவது வைக்கலாம் என்பது என் ஆசை, அது வேறு பேச்சு.

காரணம் தெரிந்த துக்கமும் முற்றினால் நோயாகலாம் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது, அதுவும் சரிதான். எல்லைக்கோடு எங்கே என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் நோய்களை வகைப்படுத்தி ஒரு கையேடு வெளியிடுகிறது. அதன் 1994 பதிப்பில், நெருங்கியவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் வரும் சோர்வைப் பொதுவாக நோய் என்று எழுத வேண்டாம் என்று ஒரு விலக்கு இருந்தது. 2013 பதிப்பில் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். துக்கத்தில் இருப்பவருக்கும் உண்மையான நோய் வரலாம், அவருக்குச் சிகிச்சை மறுக்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். இனி கண்ணீருக்கெல்லாம் மாத்திரை எழுதுவார்கள் என்பது எதிர்த்தவர்களின் பயம்.

நம் ஷரீஅத் கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா வைத்திருக்கிறது. கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை. இத்தா மார்க்கச் சட்டம். அதை மருத்துவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒரு பெண் அழுவதையும் தூங்காததையும் அதிசயமாகப் பார்க்காத ஒரு சமுதாயமாக அது நம்மை ஆக்கியிருக்க வேண்டும். யாகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் அழுது அழுது கண் பார்வையையே இழந்த வரலாறு நமக்குத் தெரியும். அவர்களை ஈமான் குறைந்தவர் என்று யாரும் சொன்னதுண்டா? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே வரலாற்றில் எழுதி வைத்தார்கள். நாம் என்ன செய்கிறோம்? மூன்று நாள் கூட்டமாகப் போய் உட்காருகிறோம். நான்காம் நாளிலிருந்து அந்த அம்மாவைச் சுவரோடு விட்டுவிடுகிறோம். வெளியே போகக்கூடாதது அவர்கள்தான், நாம் உள்ளே போவதை யார் தடுத்தது?

நம் வேலூரிலேயே இதைப் பற்றி ஆழமாக எழுதியவர் இருக்கிறார். சி.எம்.சி.யின் மனநல மருத்துவப் பேராசிரியர் கே.எஸ். ஜேக்கப் 2006 முதல் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப ஒரு கருத்தை வைத்தார். பொது மருத்துவரிடம் மனச்சோர்வு என்று பெயர் பெறுவதில் பெரும்பகுதி வறுமையும் குடும்பச் சிக்கலும் தந்த வேதனை. அதற்கு நோய்ப் பெயர் சூட்டி மாத்திரை கொடுத்தால் சமூகம் செய்ய வேண்டியது மறைந்துபோகும் என்பதே அந்த வாதத்தின் சாரம். அவர் மாத்திரைக்கு எதிரியல்ல. கடுமையான நோய்களுக்கு மருந்து கொடுக்கும் துறையிலேயே வேலை செய்தவர்தான். உலக சுகாதார நிறுவனமும் சாதாரண ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான வழிகாட்டுதலில், லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை வேண்டாம் என்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டுதலும் 2022-ல் அதையே சொன்னது, நோயாளி தானே விரும்பிக் கேட்டாலொழிய என்று.

ஆனால் இங்கிலாந்தின் சண்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கூடாது. அங்கே 2022-23-ல் சுமார் 86 லட்சம் பேர் இந்த மாத்திரைகளை வாங்கியிருக்கிறார்கள். நம் கதை வேறு. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர். மாத்திரை தேவையில்லாதவர் கையில் மாத்திரை இருக்கிறது, தேவைப்படுகிறவர் வாசலை மூடிக்கொண்டு இருக்கிறார். "மாத்திரையை அதிகம் எழுதுகிறார்கள்" என்று நாம் பொதுவாகப் பேசிப் பரப்பினால் முதலில் நிறுத்துவது யார்? நோயே முற்றியவர்தான். அவர்தான் ஏற்கெனவே "நான் சுமை" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்.

2022-ல் நம் நாட்டில் தற்கொலையால் 1,70,924 பேர் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். நம் சமுதாயத்தில் இது நடப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். வயிற்று வலி தாங்காமல், தவறி விழுந்து என்றெல்லாம் எழுதப்பட்டவற்றைத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்று பிழைத்தவரைக் கடுமையான மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மறைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

சிகிச்சையே கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமுதாயத்தோடு சேர்த்தே பேசப்படும் ஒரு பெயர் உண்டு, ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வந்த மனநோயாளிகளை வைத்திருந்த மொய்தீன் பாதுஷா என்ற காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கெட்டவர்களல்ல. பாசமுள்ள பெற்றோரும் சகோதரரும்தான். மருந்து என்று ஒன்று இருப்பதையே அறியாதவர்கள், அல்லது ஒருமுறை கொடுத்துப் பார்த்துக் கைவிட்டவர்கள். இன்று சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். அதே ஏர்வாடியில் துஆ கேட்க வருபவர்களை அரசு மனநல மருத்துவர்களும் பார்த்து மருந்து கொடுக்கும் 'தவா-துஆ' திட்டம் வந்தது. தவாவும் துஆவும் ஒன்றையொன்று விரட்டுவதில்லை. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கிறோம். சர்க்கரை மாத்திரை போடுபவரிடம் "உங்களுக்குத் தவக்குல் இல்லையா" என்று யாரும் கேட்பதில்லை. மன நோயாளியிடம் மட்டும் கேட்கிறோம்.

மருத்துவர்களைக் குறை சொல்வது சுலபம். மாலையில் எண்பது பேர் உட்கார்ந்திருக்கும் கிளினிக்கில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் "ஏன் தூக்கம் இல்லை" என்று கேட்டால், பதில் கேட்க அரைமணி நேரம் வேண்டும். எழுதினால் அரை நிமிடம். நாமும் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். ஊசி போடாத டாக்டரிடம் மறுபடி போவதில்லை, மாத்திரை எழுதாமல் "நடங்கள், யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சொன்னவரை "ஒன்றும் தெரியாதவர்" என்கிறோம். இன்னொன்று, மனசு வலிக்கிறது என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. தலை பாரம், கை கால் எரிச்சல், நெஞ்சு படபடப்பு என்று உடம்பைத்தான் சொல்கிறோம். நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம். சோர்வும் எதிலும் மனம் ஒட்டாததும் ரத்தசோகையாலும் வரும், தைராய்டு குறைவாலும் வரும். அந்த இரண்டு ரத்தப் பரிசோதனையும் செய்யாமலே ஆறு மாதம் நரம்பு மாத்திரை சாப்பிட்டவர்களின் பில் என்னிடம் உண்டு.

கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கோவாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் 2003-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் இரண்டு மாத முடிவில் ஃப்ளுவாக்சடின் மாவு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது, அவர்கள் அப்போது கொடுத்த ஆலோசனைப் பேச்சு செய்யவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், வெறும் பேச்சு எல்லாம் பேச்சாகிவிடாது. அவர்கள் விடவில்லை. எப்படிப் பேசுவது என்பதையே மாற்றினார்கள். மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த, ஓரளவு கடுமையான சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்திக்க வைத்தார்கள். உபதேசம் இல்லை. விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைப்பது, பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கையாள்வது, ஒவ்வொரு வாரமும் வந்து "செய்தீர்களா" என்று கேட்பது. 2017-ல் வெளிவந்த முடிவில், அப்படிச் சந்திக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மீண்டிருந்தார்கள். இதற்கு வேண்டியது பட்டமல்ல, பயிற்சியும் மறக்காமல் மறுவாரம் வருவதும்.

இனி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது. ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும், எதிலும் பிடிப்பில்லாமல் போய், தூக்கமும் பசியும் மாறி, வேலை செய்யவோ பிள்ளையைப் பார்க்கவோ முடியாமல் போனால் அது சும்மா கவலை இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது நெடுநாள் வழக்கம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, அங்கே மருந்து இலவசம். இரவில் ஒன்றும் புரியாவிட்டால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை அது, தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை.

மாத்திரை எழுதினால் கூச்சப்படாமல் கேளுங்கள்: இது எதற்கு? இதில் தூக்க மருந்து சேர்ந்திருக்கிறதா? எத்தனை நாள் கழித்து மறுபடி வர வேண்டும்? எப்போது நிறுத்துவோம்? கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடங்கிய முதல் வாரங்களில் தவறான எண்ணம் சிலருக்குக் கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறையே எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறது. அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மாத்திரைப் பெட்டியை வீட்டில் பொறுப்பானவர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இந்த உரையைக் கேட்டுவிட்டு நாளை நிறுத்தக் கூடாது. இதை இரண்டு முறை சொல்கிறேன், நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கமின்மை வரும். தூக்க மருந்தைத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். உண்மையான நோய்க்குச் சாப்பிடுகிறவர்கள் குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பதுதான் பொது விதி. குணமாகிவிட்டதே என்று விட்டுத்தான் பலர் மறுபடி விழுகிறார்கள். ரமலானில் இந்தத் தவறு அதிகம். பெரும்பாலான மனச்சோர்வு மாத்திரைகள் நாளைக்கு ஒரு வேளைதான், சஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளலாமா என்று ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கேட்காமல் நோன்பு வைக்கவே கூடாது. உடலில் நீர் குறைந்தால் அந்த மருந்து ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

கமிட்டி முன் நான் வைத்திருக்கும் யோசனை இதுதான். இந்த பில்களுக்குப் பணம் நிறுத்த வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் அதே சீட்டை மறுபடி மறுபடி கொண்டு வருபவர்களுக்கு, மாத்திரைப் பணத்தோடு மருத்துவரை மறுபடி பார்க்கப் போவதற்கான பஸ் செலவையும் கட்டணத்தையும் டிரஸ்ட் கொடுக்கட்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்பவருக்கு அந்தக் கூலியையும் யோசிக்கலாம். முதல் முறை வருபவர்களுக்கு ரத்தசோகை, தைராய்டு பரிசோதனைச் செலவு. கடன்தான் காரணம் என்றால் அந்த பில் மருத்துவ உதவிக்குப் போகாமல் கடன் நிவாரணப் பகுதிக்குப் போகட்டும். அந்தத் தம்பிக்கு மாத்திரைக்குக் கொடுத்ததைவிட வட்டிக்காரரிடம் பேசி அசலை மட்டும் தவணையில் வாங்கிக்கொள்ளச் சொன்னதுதான் உதவியாக இருந்தது. பில்லை இன்னாருடையது என்று கமிட்டியில் படிப்பது இன்றோடு நிற்க வேண்டும், எண் மட்டும் போதும்.

கடைசியாக, பெண்களிடம் பேசப் பெண்கள்தான் வேண்டும். இத்தாவில் இருப்பவர்கள், புதிதாகப் பிரசவித்தவர்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை போய் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டு வரக்கூடிய ஐந்தாறு சகோதரிகள் தேவை. ஊர் வம்பு வெளியே போகாதவர்களாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் தகுதி. பயிற்சி கொடுக்க வேலூரிலிருந்து ஒருவரை அழைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் வரும் வியாழன் அஸருக்குப் பிறகு மதரஸா அலுவலகத்தில் என் வீட்டாரிடம் எழுதிக் கொடுக்கலாம்.